பேரேடு வளர்ந்த வரலாறு

வேலையின் பொருட்டுத் தமிழகத்தை விட்டு நெடுந்தொலைவு வந்து குடியேறிய நம் போன்றோர்க்கு, ஊருக்குச் செல்லும் ரயிலில் ஒரு படுக்கை கிடைக்குமா என்பது சிறிய கேள்வியன்று. தங்கையின் திருமணமும், தந்தையின் திதியும், பிள்ளைகளின் கோடை விடுமுறையும் அந்த ஒரு சீட்டைப் பொறுத்தே நிற்கின்றன. அச்சீட்டைச் சாளரத்தின் பின்னிருக்கும் எழுத்தர் அச்சிட்டுத் தருகின்றார். அல்லது நம் கைப்பேசியின் திரை காட்டுகின்றது. ஆயினும் படுக்கையை ஒதுக்குவது இவ்விரண்டும் அல்ல. குளிரூட்டிய அறை ஒன்றில் இரவு பகல் ஓயாது இயங்கும் ஒரு மாபெரும் பேரேடே ஒதுக்குகின்றது. அதனை ஆங்கிலத்தில் டேட்டாபேஸ் என்பர். தமிழில் தரவுத்தளம் என்று வழங்குகின்றனர். அதில் எழுதுவோரையும் படிப்போரையும் ஒழுங்குபடுத்திக் காக்கும் மென்பொருளுக்குத் தரவுத்தள மேலாண்மை அமைப்பு என்று பெயர். வணிகமும் போக்குவரத்தும் பெருகப் பெருக இவ்வமைப்பு எவ்வாறு மாறி வந்தது என்பதை, நமக்கெல்லாம் பழக்கமான ரயில் முன்பதிவையே எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே சொல்ல முயல்கின்றேன்.

பேரேடு நமக்குப் புதிதன்று. நகரத்தார் பர்மாவிலும் மலேயாவிலும் கடை நடத்திய காலத்தில் சிட்டை, பேரேடு, ஐந்தொகை என்னும் மூன்றையும் கண்ணின் மணிபோல் காத்தனர். அன்றாடம் நடந்தது நடந்த வரிசையில் சிட்டையில் ஏறும். பின்னர் அஃது ஆள்வாரியாகப் பிரித்துப் பேரேட்டில் பெயர்த்தெழுதப்படும். பேரேடு தீயில் வெந்தாலும் சிட்டை இருந்தால் அதனை மீண்டும் எழுதிக்கொள்ளலாம். இவ்வழக்கத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றேன். சற்றுப் பின்னர் இது நமக்குத் தேவைப்படும்.

ரயில் வந்தபோது கணக்கின் அளவே மாறிற்று. தொடக்க காலத்து இங்கிலாந்தில் பயணச் சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தனர். எத்தனை சீட்டு எழுதப்பட்டது, எவ்வளவு பணம் வந்தது என்பதற்கு எழுதியவரின் நாணயமே சாட்சி. தாமஸ் எட்மண்ட்சன் என்பவர் மரச்சாமான் தொழிலில் நொடித்துப்போய், 1830-களில் நியூகாசில் கார்லைல் ரயில்வேயின் சிறு ஸ்டேஷன் ஒன்றில் பணிக்கு வந்தவர். அவர்தாம் கெட்டி அட்டையில் வரிசை எண் அச்சிட்ட சீட்டையும், அதன்மேல் தேதியைப் பதிக்கும் கருவியையும் அமைத்தார். மாலையில் கட்டின் தலைப்பிலுள்ள எண்ணைக் குறித்துக்கொண்டால் போதும். விற்றவை எத்தனை, பணப்பெட்டியில் இருக்க வேண்டுவது எவ்வளவு என்பது ஒரே கழித்தலில் தெரிந்துவிடும். நம் நாட்டிலும் அவ்வட்டைச் சீட்டுகள் நூறாண்டுக்கு மேல் வழங்கின. நம்மில் பலர் சிறு வயதில் அவற்றைச் சேர்த்து விளையாடியிருக்கின்றோம். ஒரு கம்பெனியின் சீட்டில் மற்றொரு கம்பெனியின் பாதையிலும் பயணம் செய்யலாம் என்று ஆனதும், வருமானத்தைப் பங்கிட 1842-இல் லண்டனில் ரயில்வே கிளியரிங் ஹவுஸ் என்னும் அலுவலகம் தோன்றிற்று. ஆயிரத்துக்கு மேற்பட்ட எழுத்தர்கள் அங்கே அமர்ந்து பிற கம்பெனிகளின் சீட்டுகளை எண்ணிக் கணக்கிட்டனர். எங்கள் எழுத்தர் குலத்தின் பெரிய மடம் என்று அதனைச் சொல்லலாம்.

ஆனால் வரிசை எண், விற்ற தொகையைத்தான் சொல்லும். இன்ன நாளில் இன்ன வண்டியில் இன்ன படுக்கை இன்னாருக்கு என்று அது சொல்லாது. அதற்கு முன்பதிவுப் பேரேடு வேண்டியதாயிற்று. வண்டிக்கு ஒரு பேரேடு, நாளுக்கு ஒரு பக்கம். இம்முறையில் ஒரு பெரும் இடையூறு உண்டு. ஒரு பேரேடு ஒரு மேசைமேல்தான் இருக்க முடியும். ஒரு நேரத்தில் ஒரு கைதான் அதில் எழுத முடியும். ஆகவே ஒரு வண்டிக்கு ஒரு கவுண்டர் என்று வகுத்தனர். பக்கத்துக் கவுண்டர் வெறுமையாக இருந்தாலும், சென்னை வண்டிக்குரிய வரிசையில் நின்றவர் நின்றே ஆக வேண்டும்.

இதைவிடப் பெரிய துன்பம் திரும்பும் பயணம். டில்லியில் உள்ளவர் சென்னைக்குச் செல்லும் சீட்டை டில்லியில் பெறலாம். சென்னையிலிருந்து திரும்பும் வண்டியின் பேரேடோ சென்னையில் இருந்தது. தந்தி அடித்துக் காத்திருக்க வேண்டும்; அல்லது அங்குள்ள உறவினரை வரிசையில் நிற்க வைக்க வேண்டும். விடுமுறையில் ஊர் சேர்ந்த குடும்பத் தலைவர் முதல் வேலையாகப் பெட்டியைத் திண்ணையில் வைத்துவிட்டுத் திரும்பும் சீட்டுக்கு ஸ்டேஷனுக்கு ஓடுவார் என்று மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கின்றோம். இடையில் உள்ள ஸ்டேஷன்களுக்கென்று சிற்சில படுக்கைகளைக் கோட்டாவாக ஒதுக்கிவைத்ததும் இக்குறையால்தான். ஓரிடத்தில் கோட்டா வீணாகக் காலியாய்ப் போகும். மற்றோரிடத்தில் அதே வண்டிக்கு நூறு பேர் காத்திருப்பர்.

இதே முடிச்சு அமெரிக்காவில் விமானக் கம்பெனிகளின் கழுத்தை இறுக்கியது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கம்பெனியில் ஒவ்வொரு விமானத்துக்கும் ஓர் அட்டை வைத்து, அவ்வட்டைகளைச் சுழலும் மேசை ஒன்றில் அடுக்கி, எட்டுப் பேர் சுற்றி அமர்ந்து தேடித் தேடிக் குறித்தனர். ஓர் இடத்தை உறுதி செய்யச் சராசரியாக ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. 1953-இல் அக்கம்பெனியின் தலைவர் சி. ஆர். ஸ்மித்தும், ஐ.பி.எம். கம்பெனியின் விற்பனை அலுவலர் பிளேர் ஸ்மித்தும் ஒரு விமானத்தில் தற்செயலாக அடுத்தடுத்து அமர்ந்தனர். பெயர் ஒற்றுமையில் தொடங்கிய பேச்சு முன்பதிவுத் தொல்லையில் வந்து நின்றது. அதன் விளைவாக எழுந்ததே சேபர் என்னும் அமைப்பு. 1960-இல் நிறுவத் தொடங்கி, 1964-க்குள் அக்கம்பெனியின் முன்பதிவு முழுவதையும் அது ஏற்றுக்கொண்டது. ஒன்றரை மணி நேரம் சில நொடிகளாகச் சுருங்கிற்று. பயணியின் பெயர்ப் பதிவு என்று பொருள்படும் பி.என்.ஆர். என்னும் சொல் விமானத் துறையிலிருந்துதான் நமக்கு வந்தது. ரயில்வேக்காரர்களும் பின்தங்கிவிடவில்லை. ஜப்பானிய தேசிய ரயில்வே, மார்ஸ் என்னும் முன்பதிவுக் கணினியை அதே 1960-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

இவை இயல்வதற்குக் காரணம், 1956-இல் ஐ.பி.எம். வெளியிட்ட ராமாக் என்னும் காந்தத் தட்டு இயந்திரம். அதற்கு முன் துளையட்டையும் காந்த நாடாவுமே இருந்தன. நாடாவின் நடுவிலுள்ள ஒரு பதிவைக் காண, தலைப்பிலிருந்து சுற்றிக்கொண்டே வர வேண்டும். ஐம்பது தட்டுகள் கொண்ட ராமாக் ஐம்பது லட்சம் எழுத்துகளைத் தாங்கிற்று. வேண்டிய இடத்தை நேரே தொட்டது. புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டாமல் வேண்டிய பக்கத்தை விரித்தது போலாயிற்று. இன்று கைப்பேசியில் ஒரு புகைப்படத்துக்கே அந்த ஐம்பது லட்சம் போதாது என்பது வேறு கதை.

தட்டு வந்தபின், அதில் எதனை எங்கே அடுக்குவது என்னும் வினா எழுந்தது. ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில் பணிபுரிந்த சார்லஸ் பாக்மன் 1960-களின் தொடக்கத்தில் ஐ.டி.எஸ். என்னும் அமைப்பை இயற்றினார். தரவுத்தள மேலாண்மை அமைப்புகளில் முதன்மையானது அதுவே. சந்திரனுக்கு மனிதனை அனுப்பிய அப்பல்லோ திட்டத்தில், எண்ணற்ற உறுப்புகளின் பட்டியலைக் காக்க ஐ.பி.எம். ஐ.எம்.எஸ். என்பதை உருவாக்கியது. பாக்மன் முறை வலை போன்றது, ஐ.எம்.எஸ். மரம் போன்றது. இரண்டிலும் ஒரு தகவலைக் காண வேண்டுமாயின், எந்தக் கிளையில் ஏறி எந்தக் கிளைக்குத் தாவுவது என்பதை நிரல் எழுதுபவர் அறிந்திருக்க வேண்டும். அடுக்கிய முறையை மாற்றினால் எல்லா நிரல்களையும் திருத்த வேண்டும். பழைய அலுவலகங்களில் எந்தக் கோப்பு எந்த அலமாரியில் எந்தத் தட்டில் இருக்கின்றது என்பது ஒரே ஒரு மூத்த எழுத்தருக்கு மட்டும் தெரிந்திருக்கும். அவர் விடுப்பில் போனால் அலுவலகமே விடுப்பில் போனதாகும். அந்நிலைதான் இதுவும்.

இதனைத் தீர்த்தவர் எட்கர் காட் என்னும் ஆங்கிலேயர். கலிபோர்னியாவில் சான் ஹோஸே நகரத்து ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர், கணிதம் பயின்றவர். 1970-இல் அவர் வெளியிட்ட ஒரு கட்டுரை பத்துப் பக்கங்களுக்குச் சற்று மேற்பட்டது. அவர் சொன்னது மிக எளியது. எல்லாத் தகவலையும் அட்டவணைகளாக வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அட்டவணையை மற்றோர் அட்டவணையோடு இணைப்பது கிளையோ கொக்கியோ ஆக வேண்டாம். இரண்டிலும் பொதுவாக நிற்கும் ஒரு மதிப்பே இணைக்கட்டும். வண்டிகளுக்கு ஓர் அட்டவணை. அதில் வண்டி எண், பெயர், புறப்படும் ஊர், சேரும் ஊர். பயணச் சீட்டுகளுக்கு ஓர் அட்டவணை. அதிலும் வண்டி எண் உண்டு. இவ்விரண்டையும் அவ்வெண்ணால் பொருத்தினால், சென்னை செல்லும் வண்டிகளில் நாளை பயணம் செய்வோர் யாவர் என்பது கிடைத்துவிடும். என்ன வேண்டும் என்று கேட்பதே மனிதன் கடமை. எப்படித் தேடுவது என்பது இயந்திரத்தின் பாடு. டைம் டேபிளைப் பார்த்து வளர்ந்த ரயில்வேக் குடும்பங்களுக்கு இது வியப்பாகத் தோன்றாது. அக்காலத்து நிபுணர்களுக்கோ, இயந்திரம் இவ்வளவையும் தானே தேடினால் ஆமை வேகத்தில்தான் நடக்கும் என்று தோன்றியது.

காட் பணியாற்றிய கம்பெனிக்கே ஐ.எம்.எஸ். நல்ல வருவாய் தந்துகொண்டிருந்ததால், புதிய முறையைச் சந்தைக்குக் கொண்டுவர அது விரையவில்லை. எனினும் 1974-இல் சிஸ்டம் ஆர் என்னும் ஆராய்ச்சி அங்கே தொடங்கிற்று. டொனால்டு சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் வினவும் மொழி ஒன்றை வகுத்தனர். அதுவே இன்று உலகெங்கும் எஸ்.க்யூ.எல். எனப்படுவது. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கரும் யூஜின் வாங்கும் இங்க்ரஸ் என்பதனைச் செய்தனர். ஆய்வுக் கட்டுரைகளைப் படித்த லாரி எலிசனும் அவர் தோழர்களும் 1977-இல் ஒரு சிறு கம்பெனி தொடங்கி, 1979-இல் ஆரக்கிள் என்னும் பெயரில் விற்பனைக்கே கொண்டுவந்துவிட்டனர். ஐ.பி.எம். தன் டி.பி.2 என்பதை வெளியிட்டது 1983-இல். விதைத்தவர் ஒருவர், முதலில் அறுத்தவர் வேறொருவர்.

அட்டவணையில் ஒரு சங்கடமும் உண்டு. கட்டம் வகுத்தவர் எண்ணியபடிதான் உலகம் அதில் அடங்க வேண்டும். நம் பெயர்களின் கதையையே பாருங்கள். தமிழர்க்குக் குடும்பப் பெயர் என்று தனியே இல்லை. தந்தை பெயரின் தலையெழுத்தும் தன் பெயரும்தான். வடக்கே பள்ளியிலும் வங்கியிலும் பாஸ்போர்ட் விண்ணப்பத்திலும் முதற்பெயர், கடைப்பெயர் என்று இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. பல இடங்களில் இரண்டாவதை வெறுமையாக விட்டால் இயந்திரம் ஏற்பதில்லை. ஆகவே தந்தையின் பெயர் மகனுக்குக் குடும்பப் பெயராகின்றது. மகளுக்குத் திருமணத்தின்பின் ஓர் ஆவணத்தில் ஒன்றும் மற்றோர் ஆவணத்தில் வேறொன்றுமாக நிற்கின்றது. நீண்ட பெயருடைய பெரியவர் ஒருவரின் பெயர் பயணச் சீட்டில் பாதியில் வால் அறுந்து நிற்பதை நாம் காணாததா? ஒரே ஆளுக்கு ஆதாரில் ஒரு வடிவமும் வங்கியில் வேறு வடிவமும் இருந்தால், இரண்டு அட்டவணைகளைப் பொருத்தும் இயந்திரம் இருவர் என்றே கொள்ளும். பழைய எழுத்தர் முகத்தைப் பார்த்து அறிந்துகொண்டார். இயந்திரம் எழுத்தை மட்டுமே பார்க்கும். நம் காலனிப் பிள்ளைகளின் பெயரை முதன்முதல் ஆவணத்தில் எழுதும்போதே எல்லாவற்றிலும் ஒரே வடிவமாக எழுதிவைப்பது நலம் என்பது என் கருத்து.

இனி, முன்பதிவுக்கு உயிர்நாடியான மற்றொன்றைச் சொல்ல வேண்டும். பேரேடு ஒரு கையில் இருந்தவரை ஒரே படுக்கையை இருவர்க்குக் கொடுத்துவிடும் அபாயம் குறைவு. நூறு கவுண்டர்கள் ஒரே பேரேட்டில் ஒரே நொடியில் எழுத முற்பட்டால் என்ன ஆகும்? டில்லிக் கவுண்டர் பார்க்கும்போது கீழ்ப்படுக்கை காலி, நாக்பூர்க் கவுண்டர் பார்க்கும்போதும் காலி, இருவரும் எழுதிவிடுகின்றனர். பின்னர் வண்டியில் இரண்டு குடும்பங்கள் ஒரே படுக்கைக்கு மல்லுக்கு நிற்கும்.

ரயில்வேயார் இதற்குரிய விடையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வேறோர் இடத்தில் கண்டுவிட்டனர். ஒற்றைத் தடப் பாதையில் இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் இருக்கலாம். அதற்கென்று இரண்டு ஸ்டேஷன்களிலும் இணைக்கப்பட்ட டோக்கன் கருவிகள் உண்டு. ஒரு டோக்கனை வெளியே எடுத்துவிட்டால், அது மீண்டும் ஒரு கருவிக்குள் சேரும்வரை எந்த முனையிலும் மற்றொன்றை எடுக்க முடியாது. டோக்கன் கையில் உள்ள டிரைவர் மட்டுமே அத்தடத்தில் நுழையலாம். தரவுத்தளத்தில் பூட்டு என்று சொல்வதும் இதுவே. ஒரு படுக்கையின் பதிவைத் திருத்த வரும் கவுண்டர் முதலில் அதன் டோக்கனை எடுக்கின்றது. வேலை முடிந்ததும் திருப்பித் தருகின்றது. அதுவரை மற்றவர் காத்திருக்க வேண்டியதுதான்.

இம்முறைக்கு உறுதியான இலக்கணம் வகுத்தவர்களில் தலைசிறந்தவர் ஜிம் கிரே. சிஸ்டம் ஆர் குழுவில் இருந்தவர். ஒரு கொடுக்கல் வாங்கல் முழுதும் நடக்க வேண்டும். அல்லது நடக்கவே நடக்காததாக வேண்டும் என்பது அவர் நிலைநாட்டிய விதி. பணம் பெற்றபின் சீட்டு அச்சாகுமுன் மின்சாரம் நின்றால், மீண்டும் மின்சாரம் வந்ததும் பேரேடு தானே சரியான நிலைக்குத் திரும்ப வேண்டும். அதற்கு வழி, பேரேட்டில் கை வைக்குமுன் செய்யப்போவதை வரிசையாக ஒரு குறிப்பில் எழுதிவிடுவது. நகரத்தாரின் சிட்டையை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா? அதுதான் இது. கிரேக்கு 1998-இல் டூரிங் விருது கிடைத்தது. 2007-இல் தனியாகப் படகேறிக் கடலுக்குச் சென்றவர் திரும்பவில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். 1978-இல் ஐ.பி.எம். இந்தியாவை விட்டு வெளியேறிற்று. அதன் இயந்திரங்களைப் பராமரிக்கும் பொறுப்பை ஏற்ற அரசு நிறுவனம் சி.எம்.சி. கணினி வந்தால் வேலை போய்விடும் என்னும் அச்சம் வங்கி, ஆயுள் காப்பீட்டு ஊழியரிடையே பரவலாக இருந்த காலம் அது. ஆயினும் ரயில்வே துணிந்தது. சி.எம்.சி. இயற்றிய இம்ப்ரஸ் என்னும் மென்பொருளைக் கொண்டு 1985-இல் புது டில்லியில் கணினி முன்பதிவு தொடங்கப்பட்டது. எந்தக் கவுண்டரிலும் எந்த வண்டிக்கும் சீட்டு என்னும் நிலை அன்றுதான் பிறந்தது. வரிசையில் நின்றவர்க்கு அது சிறிய புரட்சியன்று. 1986-இல் ரயில்வேயின் கணினிப் பணிகளுக்கென்றே கிரிஸ் என்னும் நிறுவனம் அமைக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் சென்னை, பம்பாய், கல்கத்தா, செகந்திராபாத் ஆகிய நகரங்களிலும் மையங்கள் எழுந்தன.

ஐந்து மையங்களும் ஐந்து தீவுகளாக இருந்தன. ஒன்றின் பேரேட்டை மற்றொன்று நேரே திறக்க இயலவில்லை. திரும்பும் சீட்டுத் துன்பம் பழைய படியே நீடித்தது. கிரிஸ் இயற்றிய கான்சர்ட் என்னும் புதிய மென்பொருள் 1994-இல் செகந்திராபாத்தில் முதலில் நடைமுறைக்கு வந்தது. 1999 ஏப்ரலுக்குள் ஐந்து மையங்களும் ஒரே வலையில் இணைந்தன. எல்லாப் பேரேடுகளையும் ஓரிடத்துக்குக் கொண்டுபோய்க் குவிக்கவில்லை என்பதே இதன் நுட்பம். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு தாய்வீட்டு மையம் உண்டு. அதன் படுக்கைகளின் பேரேடு அங்கேதான் இருக்கும். டில்லிக் கவுண்டரில் சென்னை வண்டியைக் கேட்டால், அக்கேள்வி சென்னைக்கு ஓடி, அங்கே டோக்கனைப் பெற்று, எழுதி, விடையோடு திரும்புகின்றது. தகவல் தொடர்புக் கம்பி பழுதடைவது அன்றாட வழக்கமாயிருந்த காலத்தில், ஒரு மையம் நின்றாலும் மற்றவை இயங்க இதுவே வழி. வெளிமாநிலத் தமிழர்களின் வாழ்க்கையில் 1999 ஒரு முக்கிய ஆண்டு என்று நான் சொல்வேன். போகும் சீட்டையும் வரும் சீட்டையும் ஒரே கவுண்டரில் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பும் நிம்மதி அதன் பிறகே வந்தது. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் 1976 முதல் ஓடுகின்றது. அதில் திரும்பி வரும் உறுதி கிடைக்க மேலும் இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

2002 ஆகஸ்டில் இணையத்தில் சீட்டு விற்பனை தொடங்கியது. இப்போது கவுண்டர்களின் எண்ணிக்கை ஆயிரமன்று, கோடி. ஒவ்வொரு கைப்பேசியும் ஒரு கவுண்டர். தத்கால் சீட்டு திறக்கும் காலை வேளையில் நாடே ஒரு சேரக் கதவைத் தட்டுகின்றது. தட்டுவோரில் மிகப் பலர் இடம் இருக்கின்றதா என்று பார்ப்பவர்களே, எழுதுபவர் சிலர். எனவே பார்ப்பதற்கென்று நகல்களை விரைவான நினைவகத்தில் தனியே வைத்து, எழுதுவதை மட்டும் மூலப் பேரேட்டுக்கு அனுப்பும் முறை வந்தது. 2014-இல் வந்த புதிய இணைய அமைப்பு, நிமிடத்துக்கு 2,000 சீட்டு என்றிருந்த திறனை 7,200-ஆக உயர்த்தியது. திரையில் இடம் உண்டு என்று பார்த்துப் பணம் செலுத்தியபின் காத்திருப்போர் பட்டியல் என்று வருவதன் காரணமும் இதில் அடங்கும். பார்த்தது நகல், எழுதப்பட்டது மூலம், இடையில் சில நொடிகளில் ஆயிரம் பேர் நுழைந்துவிட்டனர்.

இதே காலத்தில் உலக வணிகம் பூட்டின் தாமதத்தையே பொறுக்க மாட்டாத நிலைக்கு வந்துவிட்டது. கூகிள் 2006-இல் பிக்டேபிள் என்பதையும், அமேசான் 2007-இல் டைனமோ என்பதையும் பற்றி விளக்கம் வெளியிட்டன. இவை ஒரு பேரேட்டின் பல படிகளைப் பல இயந்திரங்களில் பரப்பிவைப்பவை. டைனமோ, படிகள் சிறிது நேரம் ஒன்றோடொன்று மாறுபட்டு நின்றாலும் கடை மூடக் கூடாது என்னும் கொள்கையுடையது. கடைக்கூடையில் ஒரு புத்தகம் இருமுறை விழுந்தால் ஒன்றை எடுத்துவிடலாம். அங்கே அது பொருந்தும். ரயில் படுக்கைக்கும் வங்கிப் பணத்துக்கும் அது பொருந்துமா? பொருந்தாது. ஆகவே உறுதியும் வேண்டும், பரப்பும் வேண்டும் என்று 2012-இல் கூகிள் ஸ்பானர் என்பதை வெளிப்படுத்தியது. கண்டங்கள் தோறும் உள்ள இயந்திரங்களில் எது முன், எது பின் என்று தீர்மானிக்க அணுக் கடிகாரங்களையும் செயற்கைக்கோள் நேரத்தையும் அது துணைக்கொள்கின்றது. இதுவும் ரயில்வேயின் பழைய பாடமே. ஊருக்கு ஒரு நேரம் இருந்த பத்தொன்பதாம் நூற்றாண்டில், இந்திய ரயில்கள் மோதாமல் ஓடுவதற்குச் சென்னை வானிலைக்கூடத்தின் நேரத்தைத்தான் பொது நேரமாகக் கொண்டிருந்தன. இந்திய நேரம் என்று ஒன்று வந்தது 1906-இல்.

கணினிப் பேரேடு எழுத்தரின் தயவை ஒழித்தது, நல்லதே. தெரிந்தவர்க்கு ஒரு படுக்கையை ஒதுக்கிவைக்கும் பழக்கமும், போலிப் பெயர்களில் மொத்தமாக எழுதிவைக்கும் தரகரின் கைவரிசையும் குறைந்தன. ஆனால் தரகரும் கணினி கற்றுக்கொண்டனர். மனிதன் ஒரு பெயரைத் தட்டி முடிப்பதற்குள் பத்துச் சீட்டை நிரப்பும் மென்பொருள்கள் புறப்பட்டன. இரண்டரைக் கோடிக்கு மேற்பட்ட ஐயத்துக்குரிய கணக்குகள் முடக்கப்பட்டதாக 2025-இல் அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. அவ்வாண்டு ஜூலை முதல் இணையத்தில் தத்கால் எடுக்க ஆதார் சரிபார்ப்பு கட்டாயமாயிற்று. ஆங்கிலமும் இந்தியும் அறியாத நம் பெற்றோர்க்கும், கைப்பேசி இல்லாத கூலித் தொழிலாளிக்கும் இன்றும் கவுண்டர்தான் புகலிடம். அதன் எண்ணிக்கை குறையாதிருக்க வேண்டும் என்பதைச் சங்கங்கள் வற்புறுத்துவது தகும்.

பேரேட்டில் பெயர் ஏறாதவரின் நிலை என்ன? 2023 ஜூன் 2-ஆம் நாள் ஒடிசாவில் பாலசோர் மாவட்டத்துப் பாகாநாகா பஜார் ஸ்டேஷன் அருகே கோரமண்டல் எக்ஸ்பிரஸ் விபத்துக்குள்ளாயிற்று. 290-க்கு மேற்பட்டோர் மாண்டனர். முன்பதிவுப் பெட்டிகளில் இருந்தோரின் பெயர், வயது, தொலைபேசி எண் ஆகியவை தரவுத்தளத்தில் இருந்தன. அவற்றைக் கொண்டு குடும்பத்தாரைத் தேட முடிந்தது. முன்பதிவில்லாப் பெட்டிகளில் இருந்தவர்க்கோ பெயர்ப் பட்டியல் இல்லை. அவர்கள் வாங்கியதும் கணினி அச்சிட்ட சீட்டே. ஆனால் அது தொகையையும் ஊரையும் பதிந்ததேயன்றி ஆளைப் பதியவில்லை. எட்மண்ட்சன் அட்டை சொன்னவற்றுக்கு மேல் அதுவும் சொல்லவில்லை. உடல்களை அடையாளம் காண மரபணுச் சோதனை தேவைப்பட்டது. யாரும் கேட்டு வராத 28 உடல்கள் அவ்வாண்டு அக்டோபரில் புவனேசுவரத்தில் தகனம் செய்யப்பட்டன. தெற்கே வேலை தேடிச் செல்லும் வடகிழக்கு, ஒடிசா, வங்காள இளைஞர்கள் பலர் அத்தகைய பெட்டிகளில்தான் பயணம் செய்கின்றனர். நாம் வடக்கே வந்த வழியில் அவர்கள் தெற்கே செல்கின்றனர்.

2025-இல் ரயில்வே மற்றொரு மாற்றத்தை அறிவித்தது. நிமிடத்துக்கு 32,000 சீட்டு என்னும் திறனை ஒன்றரை லட்சத்துக்கு மேலும், 4 லட்சம் விசாரணை என்பதை 40 லட்சத்துக்கு மேலும் உயர்த்தும் புதிய முன்பதிவு அமைப்பைக் கிரிஸ் உருவாக்குகின்றது என்பதே அது. படுக்கைகளோ பழைய வகைத் தூங்கும் பெட்டியில் 72, புதிய எல்.எச்.பி. பெட்டியில் 80. எழுதும் கை எத்துணை விரைந்தாலும் பக்கத்தில் உள்ள வரிகள் அத்தனைதாம். 2024 நவம்பர் முதல் நாளிலிருந்து முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டுள்ளது. பொங்கலுக்கு ஊர் செல்ல விரும்பும் அன்பர்கள் தீபாவளி முடிந்த கையோடு நாட்காட்டியைப் பார்த்து அறுபது நாளை எண்ணி, பதிவு திறக்கும் காலை எட்டு மணிக்கு ஆயத்தமாயிருக்க வேண்டும்; திரும்பும் சீட்டுக்கு உரிய நாள் வேறு என்பதையும் கருத வேண்டும்.